டிரைவர் போர்டுக்குக் கிடைத்த பாராட்டு

தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாயின் மேல் வெளிச்சம் சட்டென்று பட்டு மறைந்தால், அந்தக் குழாய் மெல்லிய சத்தம் போடும். அதைக் கேட்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. வெளிச்சம் தருவது எல்இடி. சத்தத்தைக் கேட்பது சென்சார். எல்இடிக்குள் மின்சாரத்தைத் தள்ளுவது டிரைவர் போர்டு.

பொறியாளர் எழிலரசி தன் கையைக் கருவிக்கு அடியில் வைத்தாள். டிரைவர் தம் பிடித்து மின்சாரத்தைத் தள்ளியது.

"அடேங்கப்பா, என்னா சத்தம்!" என்றது சென்சார்.

"ரத்தக்குழாய் என்னைப் பாராட்டுது" என்றது டிரைவர்.

"அண்ணே, நான் இன்னும் எரியவே இல்லையே. அதுக்குள்ள எப்படிப் பதில் வரும்?" என்று கேட்டது எல்இடி.

"நம்ம திறமை அப்படிடா!"

எழிலரசி டீ குடிக்கக் கையை எடுத்தாள். அப்போதும் சென்சாருக்கு அதே சத்தம் கேட்டது.

"பாத்தியா? ஆளே இல்ல, பாராட்டு மட்டும் நிக்கல!" என்றது டிரைவர்.

திரையைப் பார்த்த எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் சென்சாரில் விழுந்தது டிரைவர் போட்ட மின் இரைச்சல்தான். டிரைவரை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு, கையைத் திரும்ப வைத்தாள். இப்போதுதான் சென்சாருக்கு மெலிதாக ரத்தக்குழாயின் குரல் கேட்டது.

டப்பாவுக்குள்ளிருந்து டிரைவர் கத்தியது: "என்ன சொல்றாங்க? என்னைப் பத்தித்தானே?"