அசனாவின் ஐஸ் மெஷின்

துறைமுக வீதியில் அசனாவின் மீன்கடைக்குள் ஐஸ் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கிறது. ஐஸ் மட்டும் விழவில்லை. மழை இருட்டியிருக்கும் பகல். மெக்கானிக் இராகுலன் மூடியைக் கழற்றி, ஐஸ் உறையும் தகட்டின்மேல் தண்ணீர் வடியவிடும் குழாயை உருவி எடுக்கிறான். கிணற்றுநீரின் சுண்ணாம்பு படிந்து அதன் துளைகளெல்லாம் அடைபட்டிருக்கின்றன. மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்துகிறான். வெள்ளைத் துகள் அவன் முழங்காலில் உதிர்கிறது. அசனா மீன்பெட்டிகளைத் தேய்த்துக் கழுவுகிறாள். அவளுடைய கணவன் அலியாரின் படகு புயலுக்கு முன்னர் கடலுக்குப் போனது. மற்றப் படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன.

"கெதியாப் பாருங்க அண்ணன். அவர் வந்தா ஐஸ் இல்லாம மீன் பழுதாப் போயிரும்."

இராகுலனின் கை நிற்கிறது. "தங்கச்சி, தேடுறத இண்டைக்குக் காலமை நிப்பாட்டிட்டாங்களாம்..."

"ஓம், எனக்கும் சொன்னவங்க. நீங்க மெஷினப் பாருங்க."

அவன் குழாயைப் பொருத்துகிறான். தகட்டில் தண்ணீர் வழிகிறது, மெல்ல வெளுக்கிறது, உறைகிறது. அசனா மீதிப் பெட்டிகளையும் கழுவி முடிக்கிறாள். பிறகு ஐஸ்கட்டிகள் சடசடவென்று விழுகின்றன. அசனா அள்ளி, வெறும் பெட்டிக்குள் கொட்டி, மேடுபள்ளம் இல்லாமல் உள்ளங்கையால் பரப்புகிறாள். விரல்கள் சிவந்துவிட்டன. வேலை முடிந்தும் இராகுலன் போகவில்லை. குனிந்து அடுத்த பெட்டியைத் தூக்கி அவளிடம் கொடுக்கிறான்.