பத்திரத்தில் மூன்றாவது பிழை

“வீட்டு நம்பர் பிழை. தகப்பன்ர பேரிலயும் ஒரு எழுத்துப் பிழை. ரெண்டும் சின்ன விசயம், திருத்திப் போடலாம். மூண்டாவதுதான்...” என்று இழுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் ராஜரத்தினம். லாயர் ஆபீஸில் பத்திரம் எழுதும் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர்.

“மூணாவது என்ன?” என்றார் கணேசமூர்த்தி. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டலாமென்று பத்திரத்தைத் தூசி தட்டிக்கொண்டு, மனைவியோடு வந்திருந்தார்.

“வீடு உங்கட மனுசியின்ர பேரில இருக்கு. ‘கமலவேணி, பொன்னுதுரையின் மகள், விதவை’ எண்டு எழுதிக் கிடக்கு.”

கணேசமூர்த்தி தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

“குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன்! என்னைக்கு எழுதினது?”

“ஐம்பத்திரண்டு, ஜூன் அஞ்சு.”

ஜூன் ஆறாம் தேதிதான் அவர்களுக்குக் கல்யாணம். காஜா பெராங்கில் இருக்கும் இந்த வீடு மாமனார் கொடுத்த சீர்.

“கலியாணம் ஆகாதவர் எண்டு எழுதவேண்டியதை மாறி எழுதிப் போட்டினம்,” என்றார் கிராணி. “அம்மா, இந்தச் சத்தியக் கடதாசியில ஒரு கையெழுத்து வையுங்கோ. முடிஞ்சுது.”

கமலவேணி பேனாவைத் தொடவில்லை.

“அது பிழை இல்லீங்க. பொய்ச் சத்தியம் நான் பண்ணமாட்டேன்.”

கிராணி மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

கணேசமூர்த்தி தெங்கேரா போகும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். வீட்டிலும் அதே வேலைதான். மனைவி கண்ணாடி பார்த்தால், உள்ளே வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். தூக்கத்தில் அவள் சிரித்ததற்காக ஒருமுறை கோபித்துக்கொண்டு அடுப்படிக் குசினியில் படுத்தார். அப்படிப்பட்டவருக்கு, தனக்கு முன்னால் ஒருவன் இருந்தது இன்றுதான் தெரிகிறது. இந்த ஐம்பத்தேழில் வந்த சுதந்திரத்துக்குக் கட்டிய கொடிகள் இன்னும் தெருவெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. வீடு திரும்பும் மூன்று சக்கரப் பெச்சாவில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் புகைந்துகொண்டு வந்தார்.

“யாரு அவன்?”

“அப்பா பாத்து முடிச்சது. உங்க வீட்டுல மூச்சு விடக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

“பாக்க எப்படி?”

“நல்ல உசரம். மினுமினுன்னு இருப்பாரு.”

கணேசமூர்த்தி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பெச்சாவின் கூரை தலையில் இடித்தது.

“குணம்?”

“ஒரு வார்த்தை கேட்டதில்ல. எங்க போனே, யார்கூடச் சிரிச்சேன்னு நோண்டினதே கிடையாது.”

“குடிப்பானா?”

“தண்ணி இல்லாம இருக்கமாட்டாரு.”

“குடிகாரனைப் போய் ‘அவரு’ங்கறே! என்னை என்னைக்காவது மினுமினுன்னு சொல்லியிருக்கியா?”

கமலவேணி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். “இல்லீங்க.”

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துச் சட்டைகளைத் திணிக்க ஆரம்பித்தார்.

“புக்கிட் பாருவுல இருக்கற அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனிமே இந்தப் படி ஏறமாட்டேன். நீ அந்த உசரத்தானை நெனச்சுக்கிட்டே கிட!”

“சோறு ஆக்கறேன். சாப்ட்டுட்டுப் போங்க.”

“உசிரோட இருந்தாலாவது ரெண்டு அறை விட்டு மனசை ஆத்திக்குவேன். செத்தவனை என்னன்னு அடிக்கிறது?” நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. “எப்படித்தான் செத்தான்?”

கமலவேணி அவரையே பார்த்தாள். ஐந்து வருஷமாகக் காத்த வாக்கைவிட, பெட்டியைத் தூக்குகிற மனுஷன் பெரிதாகத் தெரிந்தார்.

“வெட்டிட்டாங்க.”

கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. “யாரு?”

“அப்பாதான். தாலி ஏறின அன்னைக்கே.”

எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார் மாமனார். கணேசமூர்த்தி அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அடப்பாவி மாமா! பொணத்தை எங்க புதைச்சீங்க?”

“புதைக்கலீங்க. எனக்குச் செவ்வாய் தோஷம். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு வாழைமரத்துக்கு என்னைக் கட்டிவெச்சு, அதை வெட்டினாங்க. அன்னைக்கே வீட்டுப் பத்திரம் எழுதறப்ப லாயர் கேட்டதுக்கு, பொய் சொல்லத் தெரியாத அப்பா, ‘விதவை’ன்னு சொல்லிட்டாரு.” கமலவேணி குனிந்து சட்டையை எடுத்து மடித்தாள். “மறுநாள் நம்ம பந்தியில வாழைத்தண்டுக் கூட்டு பிரமாதம்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டீங்களே... அது அவருதான்.”