இருபது நிமிஷம் பத்தாது

"பக்கத்து ஊருக்கு ஒரு டிக்கெட் குடும்மா. எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் அந்த ஐம்பது வயது அம்மா.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் உற்சாகமாகச் சொன்னாள். "நூறு கிலோமீட்டர்தான் மேடம். ஏறி உட்கார்ந்தா இருபதே நிமிஷம்!"

அம்மாவின் முகம் தொங்கிப் போய்விட்டது. "அவ்வளவுதானா? கொஞ்சம் சுத்திப் போற விமானம் எதுவும் இல்லையா?"

பத்து வருஷ சர்வீஸில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "மெதுவா போகணும்னா பஸ்ல போங்களேன். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பஸ்ல போய் எனக்கு என்ன பிரயோஜனம்?"

"சரி, அங்க யாரைப் பாக்கப் போறீங்க?"

"அங்க எனக்கு யாரு இருக்கா? போன கையோட அதே விமானத்துல திரும்பிடுவேன்."

அவள் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, தொப்பியும் பெட்டியுமாக அந்த விமானத்தின் விமானி அந்தப் பக்கம் வந்தார். அம்மா அவரை மறித்து, "ஏங்க, அங்க மழை பெய்யுதா?" என்றார்.

"ம்" என்றபடியே நடந்துவிட்டார் விமானி.

"பாத்தியாம்மா? கட்டின பொண்டாட்டி கேட்டா 'ம்'. இருபத்தஞ்சு வருஷமா வீட்ல இந்த 'ம்' மட்டும்தான். மேல ஏறிட்டா மழை, வெயில், காத்து, எத்தனை அடி உயரம்னு மைக்ல வாய் ஓயாம பேசுறாராம். கடைசியில நன்றி வேறயாம்! இருபது நிமிஷத்துல நான் எவ்வளவுதான் கேக்க முடியும்?"

கவுண்டர் பெண் டிக்கெட்டை நீட்டினாள்.

"போக வர ரெண்டுக்கும் போட்டுட்டேன் மேடம். ஸ்பீக்கருக்கு நேர் கீழ சீட்டு!"