சரளம்

"திக்கறதுக்கு எதிர்ச்சொல் சொல்லுங்கப்பா."

"சரளம்."

"தடுமாறுறதுக்கு?"

"நிதானம்."

"அப்படிப் போடுங்க! இன்னைக்கு ஒண்ணுகூடத் திக்கலையே!" என்றான் ரோடெல்.

அப்பா கிரிசாந்தோவுக்குப் பக்கவாதம் என்றதும் மணிலாவிலிருந்து ஓடிவந்த மகன், மாதக்கணக்காகச் சொந்த ஊரான இலோயிலோவிலேயே தங்கிவிட்டான். தினமும் அந்த ஊர் வழக்கப்படி, ஆசி வாங்க அப்பாவின் புறங்கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வான். பிறகு பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி. தெருவே அவனை மெச்சியது.

அன்று அப்பா தடியில்லாமல் வாசல்வரை நடந்தார். ரோடெல் உடனே வண்டி பிடித்து அவரை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனான்.

"பெரியவரே, வீட்டை மகன் பேருக்கு எழுதித்தரச் சம்மதமா? உங்க வாயாலேயே தெளிவாச் சொல்லணும்" என்றார் வக்கீல்.

கிழவர் மகனைப் பார்த்தார்.

"வீ... வீ... ம்ம்..."

வாய் கோணியது. எழுந்தவர் தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு இன்னும் தேறலையே. கூட்டிட்டுப் போங்க."

வெளியே வந்ததும், "இத்தனை நாள் பாடுபட்டது அத்தனையும் வீணாப்போச்சு!" என்று கத்திவிட்டு ரோடெல் தனியே போய்விட்டான்.

கிழவர் நிதானமாக நடந்துபோய் ஒரு வாடகை டிரைசைக்கிளில் ஏறினார்.

"எங்க போகணும் பெரியவரே?"

புறங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தபடி, துளியும் திக்காமல் சொன்னார்:

"என் வீட்டுக்கு."