தகர டப்பாச் சத்தம்

விடிகிற வெளிச்சத்தில் குளத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. எங்கிருந்தோ சாயத்தண்ணீர் வந்து கலந்திருக்கிறது. கரையோர நுரை கத்தரிப்பூ நிறத்தில் அசையாமல் நிற்கிறது. அதன் நடுவே பரிசலில் நின்றுகொண்டு மயில்சாமி தகர டப்பாவைத் தட்டுகிறார். குளிர்காலத்துக்கு வந்திருக்கும் கடற்காக்கைகள் இந்த மீனைத் தின்றுவிடக் கூடாதே என்றுதான் தட்டுகிறார். தட்டத் தட்ட, தண்ணீர் இன்னும் கெடாத மேற்குக் கரையிலிருந்து அவை கூட்டமாகக் கிளம்பி வருகின்றன, ஒன்றை ஒன்று வைதுகொண்டு, ஒன்றின் வாயில் இருப்பதை இன்னொன்று பிடுங்கிக்கொண்டு. அவர் கை வலிக்க ஓங்கித் தட்டுகிறார். கூட்டம் பெருகுகிறது. துடுப்பைப் பிடித்திருக்கும் பழனியாத்தாள் புருஷனை நிமிர்ந்து பார்க்கிறாள். “ஏனுங்க, தட்டாதீங்க. தெனமும் வலையிழுக்கறப்ப டப்பாவத் தட்டித்தானுங்க பொடிமீன அள்ளி வீசுவீங்க. இன்னைக்கும் தீனிக்குக் கூப்புடறீங்கன்னு வருதுங்க.” வலையைக் கொத்தாமல் இருக்க அவர் கொடுத்துப் பழக்கிய லஞ்சம் அது. அவர் கை அப்படியே நின்றுவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் தெறிக்கிறது. அலகுகள் மீனைக் கிழிக்கின்றன. ஒரு விரல் இல்லாத அந்தப் போக்கிரிப் பறவை எப்போதும்போல் பரிசல் விளிம்பில் வந்து உட்கார்ந்து, பங்கு எங்கே என்று அவரைப் பார்த்துக் கத்துகிறது. அவர் அசையவில்லை. கத்தரிப்பூ நிறம் ஒட்டிய அலகால் அது எட்டி, அவர் கையிலிருக்கும் டப்பாவைத் தானே தட்டுகிறது.