கிள்ளான் தம்புசாமி, துணைவியார் மாரியாயி

“அண்ணே, மாரியாயி அக்கா எங்க? நீங்க மட்டும் தனியா வந்து நிக்கிறீங்க?”

நேயர் மன்றச் செயலாளர் மார்க்கிரட் இப்படித்தான் கேட்பாள் என்று தெரியும். தம்புசாமி கிள்ளானில் பஸ் ஏறும்போதே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார்.

“காய்ச்சல் லா. எழுந்திருக்கவே முடியல.”

“அடடா! இன்னைக்குப் பார்த்தா வரணும்? பரவாயில்ல, நாளைக்கு நாங்க அஞ்சாறு பேரு உங்க வீட்டுக்கு வந்து அக்காவப் பார்த்துட்டுப் போறோம்.”

“ஐயோ, அதெல்லாம் வேணாம்மா!”

“சும்மா இருங்கண்ணே. நாங்க வந்தே தீருவோம்.” அவர் சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டு அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். தம்புசாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. வானொலி நேயர்களின் முதல் மாநாடு அல்லவா? ஞாயிறுதோறும் விருப்பப் பாட்டுக் கேட்டு வானொலிக்குக் கார்டு போடுகிறவர்கள், இத்தனை வருஷம் ஒருவர் பெயரை ஒருவர் ரேடியோவில் காதால் கேட்டதோடு சரி. இன்றுதான் முகம் பார்க்கிறார்கள். சுங்கை வே பூமணியைச் சின்னப் பெண் என்று நினைத்திருந்தவர்கள், பேரன் எடுத்த அம்மாளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

தம்புசாமியைத் தெரியாதவர் அங்கே யார்? மற்றவர்கள் கார்டில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, அடுத்த வீட்டுக் குழந்தை என்று ஒரு பட்டாளமே இருக்கும். அவர் கார்டில் இரண்டே பெயர். ‘கிள்ளான் தம்புசாமி, துணைவியார் மாரியாயி.’ ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறு தப்பியதில்லை. ‘கட்டினால் இப்படி ஒருத்தனைக் கட்டணும்’ என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதனால்தான் இந்த ஆண்டின் சிறந்த நேயர் தம்பதி விருது அவர்களுக்கு. இருவரும் சேர்ந்து மேடைக்கு வரவேண்டும் என்று கடிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

அவர் வந்திருக்கவே கூடாது. ஆனால் அறிவிப்பாளர் விநாயகமூர்த்தியின் வாயால் அந்த இரண்டு பெயரையும் ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று பாழாய்ப்போன ஆசை. அது அவரைப் பஸ் ஏற்றிவிட்டது.

மாரியாயி வரமாட்டாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் வந்து கேட்டபோதும், “ஆளு வராங்க” என்றார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஏங்கினார்.

“அடுத்து, நாம எல்லாரும் எதிர்பார்த்த ஜோடி!” மேடையில் விநாயகமூர்த்தியின் குரல் முழங்கியது. “கிள்ளான் தம்புசாமி, துணைவியார் மாரியாயி!”

மண்டபம் அதிரக் கைதட்டியது. தம்புசாமி மெல்ல மேடை ஏறினார். நாளைக்கு ஆறு பேர் வீட்டு வாசலில் வந்து நின்று மானம் போவதைவிட, மைக்கிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம். இனிக் கார்டே போடாமல் இருந்துவிடலாம். வாயைத் திறந்தார்.

“அண்ணே! என்ன இப்படிப் பொய் சொல்றீங்க!” கீழேயிருந்து மார்க்கிரட் கத்தினாள். “அக்கா காலையிலேயே வந்தாச்சு! அந்தப் பக்கத்து மேசையில பேட்ஜ் வாங்கியிருக்காங்க!”

அவள் கையைப் பிடித்து இழுத்து வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். நீலச் சேலை, ஒரு முழம் மல்லிகை. மார்பில் ‘கிள்ளான் மாரியாயி தம்புசாமி’ என்று பேட்ஜ்.

தம்புசாமிக்கு மூச்சே நின்றுவிட்டது.

“சண்டை போட்டுக்கிட்டுத் தனித்தனியா வந்திருக்காங்க போல,” என்று முன்வரிசையில் பூமணி கிசுகிசுத்தாள். “இன்னைக்கோட எல்லாம் சரியாயிடும் பாருங்க!”

அந்தப் பெண் தலை நிமிராமல் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கேடயத்தை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். “கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, பாஸ்!” என்றார் போட்டோக்காரர். அவள்தான் அரையடி நகர்ந்து வந்தாள். கேடயம் அவர் பக்கம் சரிந்தது. அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கீழே இறங்கி, மண்டபத்துக்குப் பின்னால் தேநீர் கொடுக்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் தம்புசாமிக்குப் பேச்சு வந்தது.

“ஏம்மா... நீங்க யாரு?”

“எனக்கு ஊரு ஸ்ரீ கெம்பாங்கான், கையுறை ஃபேக்டரில வேலை. தனியாத்தான் இருக்கேன்.” அவள் குரல் உள்ளுக்குள்ளேயே போயிற்று. “பேரு மாரியாயின்னேன். ‘தம்புசாமி அண்ணனோட மாரியாயியா’ன்னு பேட்ஜ் மேசையில இருந்தவங்களே எழுதிக் குத்திவிட்டுட்டாங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரலங்க. ஒன்பது வருஷமா ரேடியோல அந்தப் பேரு வர்றப்பல்லாம், என்னையே யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும். தப்புதான். மன்னிச்சுக்குங்க.”

அவர் அவள் பேட்ஜில் இருந்த பெயரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அவள் பயந்துபோனாள்.

“வீட்ல அக்கா காய்ச்சலா கெடக்கிறாங்களாமே, அவங்க காதுக்குப் போனா உங்களை என்ன நெனைப்பாங்க? வேணும்னா இப்பவே கூட வந்து நானே அவங்க கால்ல விழுந்து சொல்லிடுறேன்.”

“யாரு கால்லங்க விழுவீங்க?” தம்புசாமியின் கண்கள் நிறைந்துவிட்டன. “எனக்குக் கல்யாணமே ஆகல. ரேடியோல ஒத்தப் பேரா வாசிச்சா மனசு கேக்கலன்னு, நானா சேர்த்து எழுதின பேருங்க அது.”