தளபதியின் கையெழுத்து

சிவகலாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சோவியத் தளபதி ஒருத்தர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்ட பாராட்டுக் கடதாசியை, கட்டின மனிசன் கொண்டுபோய் ஒரு கந்தல் கடதாசித் துண்டுக்கு மாத்திப்போட்டு வந்து நிற்கிறார்.

"சந்தையிலை பழஞ்சாமான் விக்கிற அந்தக் கெர்பர் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்," என்றாள்.

"ஒருத்தரும் ஏமாத்தேல்லை, கலா. நான்தான் கேட்டு மாத்தினனான்."

வரதராசா அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். கோப்பில் வைத்து மூடினார்.

இந்த மனிசனை அவளுக்கு விளங்கவேயில்லை. சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில் பஸ் ஓட்டுகிற யாழ்ப்பாணத்தானுக்கு ரஷ்யக்காரன்ரை பட்டாளத்துக் கடதாசி என்னத்துக்கு? அதில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் வேலையில்லாத சனிக்கிழமை விடிந்தால் போதும், பழஞ்சாமான் சந்தைக்கு ஓடிவிடுவார்.

அதுவும் சண்டை என்றாலே ஆகாத மனிசன். செய்தியில் குண்டு வெடித்தால் ரிமோட்டைத் தேடுவார். மகள் மதுஜா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, விளையாட்டுத் துவக்கோடு வந்த பக்கத்து வீட்டுப் பெடியனை வாசலோடேயே திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவருடைய அலுமாரிக்குள் இப்போது ஒரு முழுப் பட்டாளமே குந்திக்கொண்டிருக்கிறது.

தம்பியைப் பற்றியும் அவர் கதைக்கமாட்டார். துஷாந்தன் இயக்கத்துக்குப் போனவன். கடைசிச் சண்டைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய படம் ஹோல் சுவரில் இருக்கிறது. மாலை இல்லை, பொட்டு இல்லை. கூர் நகரத்தில் இருக்கிற மச்சாள், இவரோடு கூடப்பிறந்தவள், போன் எடுக்கும்போதெல்லாம், தம்பிக்கு ஒரு திவசத்தையாவது செய்யச் சொல்லு என்று அழுவாள். இவரோ போனை வாங்கவே மாட்டார். படத்தைத் துடைத்து, நேராக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். கல்நெஞ்சுக்காரன் என்று மச்சாள் திட்டுவாள். சிவகலாவும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

அந்த அலுமாரியிலேயே அவளுக்குப் பிடித்தது தளபதியின் கடதாசி ஒன்றுதான். யாரிடமோ கட்டாக வாங்கிய கடதாசிகளுக்குள் கிடந்து வந்தது. மதுஜா போனில் தேடிப் பார்த்துவிட்டு, இது அருந்தலான சாமான் அம்மா, லேசிலை கிடையாது, நூதனசாலைக்காரரே தேடுவினம் என்றிருந்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் சிவகலா அதைக் காட்டிப் பெருமையடித்தாள். இனி என்னத்தைக் காட்டுவது? அந்த வயதுபோன கெர்பர், இவரை மொழி தெரியாத அப்பாவி என்று கண்டு சுத்திப்போட்டான். சும்மா விடலாமோ?

அடுத்த சனிக்கிழமை வரதராசாவுக்கு வேலை. சிவகலா கோப்பைத் தூக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

கெர்பர் தன் மேசைக்குப் பின்னால் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் பழகிய ஜெர்மனில் அவள் விளாசித் தள்ளிவிட்டாள். வாசிக்கத் தெரியாத மனிசனை ஏமாற்ற வெட்கமில்லையோ என்று கேட்டாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

கெர்பர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இது விளங்கவில்லையாம். உன்னுடையதுதான் பெறுமதி, இந்தத் துண்டை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். வரதராசா கேட்கவில்லையாம். சொல்லிக்கொண்டே மேசைக்குக் கீழிருந்து தளபதியின் கடதாசியை எடுத்து அவளிடம் நீட்டினார். விற்க மனம் வரவில்லை, நீங்களே கொண்டுபோங்கள் என்றார்.

சிவகலா கடதாசியை வாங்கிக்கொண்டாள். சண்டை பிடிக்க வந்த இடத்தில் இப்படித் தூக்கித் தந்தால் என்ன செய்வது?

"அப்ப அந்தத் துண்டிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

கெர்பருக்கு ரஷ்யமொழி தெரியும். கோப்பை வாங்கி ஒவ்வொரு உறையாகப் புரட்டினார். பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடியும் புரட்டினார். பெயர் வேறு, ஊர் வேறு, கையெழுத்துப் போட்ட அதிகாரி வேறு. மற்றப்படி எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான் என்றார். இந்தச் சிப்பாயின் சேவை முடிந்தது, இவன் தன் ஊருக்குப் போகலாம்.

"அப்ப தளபதியின்ரை கடதாசி?"

அது செத்துப்போன ஒரு சிப்பாயின் வீரத்தைப் பாராட்டி அவன் வீட்டுக்கு அனுப்பியது என்றார் கெர்பர். போன கிழமைதான் வரதராசாவுக்கு அதை வாசித்துக் காட்டினாராம். மனிசன் அதற்குப் பிறகு அதைத் தொடவேயில்லையாம்.

"உங்கள் கணவர் பதக்கத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். கையெழுத்து யாருடையது என்றும் கேட்கமாட்டார். எந்தக் கடதாசியை எடுத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். இவன் வீட்டுக்குப் போனவனோ என்று கேட்பார். ஆம் என்றால் வாங்குவார். இல்லையென்றால் கீழே வைத்துவிடுவார்."

மாலை போடாத அந்தப் படமும், அதை நேராக்குகிற கையும்தான் சிவகலாவின் கண்ணுக்குள் வந்தன. இத்தனை காலமும் ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு விளங்கவில்லையே என்று நினைக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தை என்றும் பாராமல் அழுதாள். கெர்பர் பதறிப்போய்க் கடதாசிக் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தளபதியின் கடதாசியை மேசையிலேயே வைத்தாள். கோப்பின் கடைசியில் வெறுமையாகக் கிடந்த உறையைத் திறந்து பிடித்தாள்.

"வீட்டை போனவை இன்னும் ஆரும் இருக்கினமோ, ஒருக்காத் தேடிப் பாருங்கோ," என்றாள்.